‘இன்னிக்கு என்னால முடியல’

இந்த வருடம் தையில் திருச்சியில் ஒரு கல்யாணம். இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் வாளி வந்து சேர்வதற்குள் என் மனைவியின் அண்ணன் தன் மகனை இழுத்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். “மாப்ள, இவன் பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எண்பது லட்சம் ஆகும்கிறாங்க. வீட்டை வச்சா பேங்க்ல குடுப்பாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பையன் பிளஸ் டூ. போன் கவரில் ஏர்பஸ் படம் ஒட்டியிருந்தான். “சாப்பிட்டுட்டுப் பேசலாம் மச்சான்” என்று அப்போதைக்குத் தப்பித்தேன். அந்தச் சத்தத்தில் சொல்லக்கூடிய விஷயமாகவும் இல்லை. 22 வருடமாக விமானம் ஓட்டுகிறேன். இந்தக் கேள்வியோடு வருஷத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பெருமை பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் அப்பா அரசு பஸ் டிரைவர், கும்பகோணம் டிப்போ. தாத்தா வழியில் வந்த ஒன்றேகால் ஏக்கரும் அம்மாவின் நகையும் போக, மிச்சம் பேங்க் கடன். அப்படித்தான் எனக்கு லைசென்ஸ் வந்தது. அப்பாவை முதல்முறை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து மதுரைக்குப் போன அன்று, பயணிகளுக்கான அறிவிப்பைத் தமிழில் ஆரம்பித்தேன்; பாதியில் குரல் கம்மிவிட்டது. இறங்கியதும் எல்லாரும் போகும்வரை காத்திருந்து அப்பா காக்பிட் வாசலில் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். “கிளட்ச் எங்கடா?” என்றார். அப்புறம் நிஜமான அக்கறையோடு இன்னொன்று கேட்டார்: “தூக்கம் வந்தா எங்க நிறுத்துவ?”

நானும் ஃபர்ஸ்ட் ஆபீசரும் (துணை விமானி) விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. நைட் சர்வீசில் கண் அசந்தால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சுற்று நடந்து, பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு ஏறுகிறவர் அவர். அந்தக் கேள்வியில் இருந்த விவரம் எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

பெற்றோருக்கு முதலில் தெரியவேண்டியது பணக் கணக்கு. லைசென்ஸ் வேறு, வேலை வேறு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்து, விமானத் துறையைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் எழுத்துத் தேர்வுகளைத் தாண்டி, ரேடியோ லைசென்ஸ் எடுத்து, 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஏர்பஸ் 320 பக்கம் போக முடியாது. அதற்குத் தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, வேண்டும். அதற்கும் பல லட்சம். 80 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். கட்டி முடிக்கும்போது 1 கோடியே 32 லட்சம் கொடுத்திருப்பீர்கள். வேலை என்றைக்குக் கிடைக்கும் என்பது மட்டும் அந்தக் கடன் பத்திரத்தில் எந்த வரியிலும் இருக்காது.

“நாட்டில் பைலட் பஞ்சம்” என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். இண்டிகோ 2023-ல் ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏர் இந்தியாவும் நூற்றுக்கணக்கில் கொடுத்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் பஞ்சம் கேப்டன்களுக்கு. 200 மணி நேரத்தோடு வெளியே வருகிற பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. கேப்டனாக உட்காரத் தேவையான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தைச் சேர்க்க முதலில் ஒரு வேலை வேண்டும். இதற்கு நடுவில் கம்பெனிகள் மூடிக்கொண்டே இருக்கும். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவமுள்ளவர்கள் வேலை தேடி வரிசைக்கு வந்து நிற்பார்கள். உங்கள் பையன் அவர்களுக்குப் பின்னால். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை முடித்துவிடுங்கள். முதல் கட்டப் பரிசோதனையான கிளாஸ் 2, அதன்பிறகு கமர்ஷியல் லைசென்ஸுக்கான கிளாஸ் 1. நிறங்களைப் பிரித்தறிவதில் கண்ணில் குறை இருப்பது ஃபீஸ் கட்டிய பிறகு தெரியவந்து கலங்கி நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிப் பள்ளிக்குப் போனால் அலுவலக ஏசி அறையில் உட்கார்ந்து பிராஸ்பெக்டஸ் பார்க்காதீர்கள். நேராக விமானங்கள் நிற்கிற ஹேங்கருக்குப் போங்கள். எத்தனை மாணவர்கள், பறக்கிற நிலையில் எத்தனை விமானங்கள் என்று எண்ணுங்கள். போன பேட்ச் பையன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, 200 மணி நேரம் முடிய எத்தனை மாதம் ஆச்சு தம்பி என்று கேளுங்கள். மொத்த ஃபீஸையும் முதல் நாளே கட்டாதீர்கள். இருக்கிற ஒரே வீட்டை வைக்காதீர்கள். மச்சானுக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது என்று தெரியும்.

இனி பையன்களுக்கு. வேலை கிடைத்த பிறகு என்ன?

நியூயார்க்கின் ஹட்சன் நதியில் விமானத்தை இறக்கிய கேப்டன் சல்லன்பெர்கரை உலகத்துக்கே தெரியும். 2009 ஜனவரி 15, இரண்டு என்ஜினும் பறவை மோதிச் செத்துப்போன நிலையில், உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து சொன்னதை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, பென்ஷன் போய்விட்டது, தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்று நினைக்கிற ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். உலகம் கைதட்டிக்கொண்டிருந்த அதே வாரங்களில் சொன்னார்.

எங்கள் ஊர் ஏமாற்றம் சம்பளத்தில் இல்லை. கேப்டன் சம்பளம் நல்ல சம்பளம், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இது வேறு மாதிரி வருகிறது. டியூட்டிக்கு முன் ப்ரெத் அனலைசரில் ஊதவேண்டும், சரி, அது தேவைதான். அதற்காக மவுத்வாஷ் கொப்பளிக்கக்கூடப் பயந்து வாழவேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை சிமுலேட்டர் என்ற மாதிரி காக்பிட்டில் என்ஜின் எரிவதாகக் காட்டி, இன்னும் உனக்குத் தெரியுமா என்பார்கள். வருஷா வருஷம் மெடிக்கல். ஐம்பது வயது கேப்டன்கள் மெடிக்கலுக்கு முந்தின வாரம் பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி மாலையில் மூச்சு வாங்க நடப்பதைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஒரு இ.சி.ஜி. தாளில் கோடு கோணினால் லைசென்ஸ் பெட்டிக்குள் போய்விடும். வேறு வேலை எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அதனால் என்ன ஆகிறது என்றால், விமானி வாயைத் திறக்கமாட்டான். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லமாட்டான். மனசு சரியில்லை என்று வீட்டிலேயே சொல்லமாட்டான். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதி 149 பேரைத் தன்னோடு சாகடித்த துணை விமானி, டாக்டர் கொடுத்த விடுப்புச் சீட்டைக் கம்பெனியிடம் மறைத்துவைத்திருந்தார். அது விதிவிலக்கு, அப்படியே எங்கள் தலையில் கட்டவேண்டாம். ஆனால் மறைப்பது மட்டும் விதிவிலக்கு அல்ல.

நானும் மறைத்தேன். என்னுடையது தூக்கம்.

தொடர்ந்து மூன்றாவது ராத்திரி. ஓட்டல் அறையில் பகல் முழுக்கக் கதவுக்கு வெளியே டிராலிச் சத்தம், பக்கத்து அறையில் டிரில் மெஷின். ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணாடி முன் டை கட்டும்போதே எனக்குத் தெரியும், இன்றைக்கு நான் சரியில்லை என்று. போனை எடுத்து ‘அன்ஃபிட்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. எடுக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் ஒருவர் அப்படிச் சொன்னதற்கு மேலே கூப்பிட்டுக் காபி கொடுத்து, “தூக்கம் எல்லாருக்கும்தானே வருது கேப்டன்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டு அனுப்பியிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. என்னைத் தடுத்தது அந்தக் காபிகூட இல்லை. தோளில் கேப்டனுக்கான நாலு கோடு. அதைப் போட்டுக்கொண்டு ‘முடியல’ என்று எப்படிச் சொல்வது?

விடியற்காலை நாலே முக்கால், இறங்கிக்கொண்டிருக்கிறோம். கன்ட்ரோலிலிருந்து ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒரு சின்னப் பெண், என் தங்கை மகள் வயது. சரியாக வாங்கித் திருப்பிச் சொன்னாள். இறங்கவேண்டிய உயரத்தை வைக்கும் செலக்டர் குமிழை நான் திருகி, “ஆறாயிரம்” என்று வாயால் சொன்னேன். கை வைத்தது ஐயாயிரத்தில். எனக்கு அது ஆறாயிரமாகவே தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன் என்பதுதான் பயமே.

இரண்டு நொடி மௌனம். “சார்... செலக்டர்ல ஐயாயிரம் இருக்கு சார்.”

மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பயணிகள் காபிக் கோப்பையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு நொடி எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். தப்பு அவள் கண்ணில் உடனே பட்டிருக்கிறது. கேப்டனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடியிருக்கிறாள். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு ‘சார்’. என் பெருமை என் வாயை அடைத்தது போதாதென்று அவள் வாயையும் இரண்டு நொடி அடைத்துவைத்திருந்தது. இறங்கியதும் அந்தத் தவறை ரிப்போர்ட்டில் எழுதினேன். அவளிடம், “அடுத்த தடவை சார் வேண்டாம், நம்பரை மட்டும் கத்து” என்றேன். “சரி சார்” என்றாள்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணிவாக்கில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 8 பேர் மிச்சம். காக்பிட் குரல்பதிவுக் கருவியில் பதிவான இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில், முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கும் மூச்சுச் சத்தம். விழித்த பிறகும் தூக்கக் கலக்கம் தீரவில்லை என்றது விசாரணை அறிக்கை. உயரம் அதிகமாக வந்துகொண்டிருந்தபோது மறுபடி மேலே எழும்பச் சொல்லித் துணை விமானி மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் இதை வருஷா வருஷம் படிக்கிறோம். அந்த விடிகாலைக்குப் பிறகு எனக்கு அது அடுத்தவர் கதையாகப் படவில்லை.

அதனால்தான் ஓய்வு விதி என்றால் எனக்குக் கோபம் வருகிறது. 2024-ல் டிஜிசிஏ விதியைத் திருத்தியது: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, ‘இரவு’ என்பது 5 மணியோடு முடியாமல் காலை 6 மணிவரை, இரவு டியூட்டியில் 6 லேண்டிங் என்பது 2 லேண்டிங். இழுத்து இழுத்து 2025-ல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் புது விதிக்கேற்ப விமானிகள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்ததும், அந்த நிறுவனத்துக்கு மட்டும் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் யூனிஃபார்மைப் பார்த்து, “உங்களுக்குத் தூக்கம் வேணும்னு எங்க வீட்டு விசேஷத்தைக் கெடுத்துட்டீங்களே” என்றார். அவரிடம் மங்களூரைச் சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

கல்யாணப் பையனிடம் கைகழுவும் இடத்தில் கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். “தம்பி, நாலு பேர் முன்னாடி ‘எனக்கு முடியல’ன்னு உன்னால சொல்ல வருமா?” அவனுக்குப் புரியவில்லை. “கண்ணு நல்லாத் தெரியும் மாமா” என்றான். முதலில் கிளாஸ் 2 எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கே அது சொல்ல வந்தது போன புரட்டாசியில்தான். பாதி ராத்திரி இரண்டரைக்கு என்னை ஏற்றிப்போக வண்டி வரவேண்டும். பதினொன்றரைக்கு, டியூட்டி போடுகிற ஷெட்யூலிங்குக்குப் போன் போட்டேன். “இன்னிக்கு என்னால முடியல. ஃபேட்டீக்.” அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. “ஓகே கேப்டன். ரிப்போர்ட் மட்டும் அனுப்பிடுங்க.” அவ்வளவுதான். படுத்தேன், தூக்கம் வரவில்லை. திருட்டு லீவு போட்ட பையன் மாதிரி இருந்தது. நாலரைக்கு போனில் பார்த்தேன். எட்டு நிமிஷம் லேட்டாக என் விமானம் கிளம்பிப் போயிருந்தது. அதற்கப்புறம்தான் கண் மூடியது.

எழுந்து வந்தபோது பத்து மணி. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு வண்டி எடுக்கலையா?”

“முடியலப்பா.”

“ம்” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.