நெடுவரிசையை எடுத்துவிட்டால் நம்பர் மறைந்துவிடாது

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்து, அதற்கு ஆன்லைன் கடைத் தளமும் வைத்திருக்கும் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். அவரிடம் வேலை பார்த்துவிட்டு நின்றுபோன பையன், அவருடைய வாடிக்கையாளர்களுக்கே நேரடியாக வாட்ஸப்பில் விலை அனுப்பிக்கொண்டிருக்கிறானாம். "ஆர்டர் பட்டியல்ல போன் நம்பர் வர்ற வரிசையவே நான் அன்னைக்கே எடுத்துவிட்டுட்டேனுங்களே, அப்புறம் எப்படிங்க போச்சு?" என்றார்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், ஜவ்வரிசி விற்பவர்கள் என்று இதே கேள்வியோடு என்னிடம் பலர் வந்துவிட்டார்கள். இதற்கு மேலும் போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளாது.

ஆர்டர், பொருள், பதிவு எல்லாம் பட்டியலாகத் தெரியும் அட்மின் பக்கத்தில் (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) எந்தெந்த நெடுவரிசை தெரிய வேண்டும் என்பதை, தளத்தை ஓட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸிலேயே மாற்றலாம். மேலே வலது மூலையில் 'ஸ்கிரீன் ஆப்ஷன்ஸ்' இருக்கிறது. அது போதாதவர்களுக்கு அட்மின் காலம்ஸ் போன்ற பிளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) இருக்கின்றன. நல்ல வசதிதான், நானே பல தளங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது பார்ப்பதற்கான வசதி. பூட்டு அல்ல.

கொலுசுக் கடைத் தளத்தைத் திறந்து பார்த்தேன். பிளகின் மூலம் சேர்த்த போன் நம்பர் நெடுவரிசையை அவர் ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் டிக் எடுத்து மறைத்திருந்தார். அந்தத் தேர்வு பயனருக்குப் பயனர் தனியாகச் சேமிக்கப்படுவது. அவர் லாகினில் நம்பர் காணாமல் போனது. பையனுக்குக் கொடுத்திருந்த ஷாப் மேனேஜர் (கடையை நிர்வகிக்கும் அனுமதியுள்ள) லாகினில் நுழைந்தால் அதே நெடுவரிசை முழுசாக நிற்கிறது. ஒருநாளும் அந்த லாகினில் போய் அவர் பார்க்கவே இல்லை.

பிளகின் வழியாக எல்லாருக்குமே எடுத்துவிட்டால்? அப்போதும் போகாது. வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினின் பட்டியலில் ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் கண் மாதிரி ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதை அழுத்தினால் முகவரி, மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் வந்து நிற்கும். ஆர்டரைத் திறந்தாலும் வரும். கொள்முதல் விலையைக் கஸ்டம் ஃபீல்டில் (நாமாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் புலம்) வைத்துவிட்டு நெடுவரிசையை மட்டும் எடுத்தவர்களுக்கும் இதே கதிதான். பொருட்களை எக்ஸ்போர்ட் செய்யும் பக்கத்தில் கஸ்டம் மெட்டாவையும் (அந்தக் கூடுதல் புலங்களையும்) சேர்க்கவா என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் எக்செல்லில் திறக்கிற கோப்பாக மொத்தமும் இறங்கிவிடும். ஷாப் மேனேஜருக்கு எக்ஸ்போர்ட் அனுமதி இயல்பாகவே இருக்கிறது. கல்லாப்பெட்டி மேல் துண்டைப் போட்டுவிட்டுப் பூட்டிவிட்டேன் என்று சொல்ல முடியுமா?

யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ரோலும் (அந்த லாகினுக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு) அதற்குரிய அனுமதிகளும்தான். பார்சல் கட்டுகிறவருக்கு அட்மின் லாகின் எதற்கு? ஸ்லிப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். படம் ஏற்றுகிறவருக்குப் பொருட்களை மட்டும் தொடக்கூடிய தனி ரோல் போடச் சொல்லுங்கள். கொள்முதல் விலை போன்ற ஒரு புலத்தை மட்டும் மறைக்க வேண்டுமென்றால் பட்டியல், திருத்தும் பக்கம், எக்ஸ்போர்ட் மூன்றிலும் அனுமதியைச் சோதிக்கும்படி டெவலப்பர் எழுத வேண்டும். அப்புறம் அந்த ஊழியரின் லாகினில், பிரவுசரின் இன்காக்னிடோ ஜன்னலில் நீங்களே நுழைந்து ஒருமுறை பாருங்கள். தயவுசெய்து பாருங்கள். போன் நம்பர்கள் உங்கள் வாடிக்கையாளர்களுடையவை. வாங்கி வைத்திருப்பவர்தான் அவற்றைக் காக்க வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான பயமும் இருக்கிறது. நெடுவரிசையை எடுத்தால் தரவே அழிந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். அழியாது. ஆனால் வரிசைப்படுத்தும்போது ஒரு சிக்கல் வரும். ஏற்காட்டுக் காப்பியும் மிளகும் விற்கும் ஒருவர், 'அறுவடை ஆண்டு' என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கியிருக்கிறார். பாதிப் பொருட்களைக் காணோம். பதறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றியதில், தளத்தில் ஒரே காப்பிப்பொடி இரண்டிரண்டாக நின்றது. கஸ்டம் ஃபீல்டை வைத்து வரிசைப்படுத்தும்போது, அந்தப் புலமே சேமிக்கப்படாத பொருட்களைச் சில பிளகின்கள் பட்டியலிலிருந்து விட்டுவிடும், அவ்வளவுதான். வரிசைப்படுத்தியதை எடுத்துவிட்டால் எல்லாம் மறுபடி தெரியும். அதேபோல 1000 கிராம் முதலிலும் 250 கிராம் அதற்குப் பிறகும் வந்தால், அந்தப் புலம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வரிசைப்படுகிறது. பிளகின் அமைப்பில் எண் என்று மாற்றுங்கள்.

பட்டியலிலேயே விலையைத் திருத்தும் வசதியைத் தேவையில்லாமல் திறந்துவைக்காதீர்கள். கை தவறினால் தெரியாது. ஒரே பக்கத்தில் 999 பொருள் தெரியும்படி வைத்துவிட்டுத் தளம் மெதுவாக இருக்கிறது என்று எனக்குப் போன் போடாதீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை டெலிகிராமில் இலவசமாக இறக்கிப் போடவே போடாதீர்கள். அதற்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

வூகாமர்ஸில் 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பு முதல், புதிதாகத் தொடங்கும் கடைகளின் ஆர்டர்கள் தரவுத்தளத்தில் தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. பழைய பிளகின் போட்ட நெடுவரிசைகள் அங்கே தெரியாமல் போகலாம். ஆர்டர் தொலைந்துவிட்டது என்று எதையும் மாற்றாமல், முதலில் பிளகினைப் புதுப்பியுங்கள்.

கொலுசுக்கடையில் அந்தப் பையனின் லாகின் நான் பார்க்கும்வரை உயிரோடுதான் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றைக்கே நிறுத்துங்கள். பயனரை அழிக்கும்போது அவர் பெயரிலுள்ள பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். வேறொருவர் பெயருக்கு மாற்றுவதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அவர் எழுதிய பதிவுகளும் சேர்ந்து போய்விடும். அழிக்கப் பயமாக இருந்தால் ரோலை மட்டும் எடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றினாலும் போதும்.