டெல்ஃபினியம்: கீழிருந்து மேலே ஏறும் நீலம்

டெல்ஃபினியத்தின் பூந்தண்டில் நுனிக்குச் சற்றுக் கீழே, இன்னும் விரியாத மொட்டு ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் உருண்டையாக, பின்பக்கம் வால் நீண்டு, உடல் லேசாக வளைந்து, தண்ணீரிலிருந்து துள்ளி எழும் டால்ஃபின் மாதிரியே இருக்கும். கிரேக்க மொழியில் டால்ஃபினைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இந்தச் செடிக்குப் பெயர் வந்தது. பார்த்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுத் தோட்டத்தில் டெல்ஃபினியம் வளர்ப்பது கடினம் என்று பலர் சொல்வார்கள். விதை முளைக்கவில்லை, தண்டு காற்றில் ஒடிந்தது, ஒரு வருடம் பூத்துவிட்டு அடுத்த வருடம் அழுகிப்போனது: எல்லாம் எனக்கும் நடந்தவைதான். ஆனால் இந்தச் செடி எங்கிருந்து வந்தது, எந்தப் பூச்சியை நம்பி வாழ்கிறது என்று புரிந்துகொண்ட பிறகு, தோட்டக்காரர்கள் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கிவிடுகிறது. இதில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நிலங்களையும் மலைச்சரிவுகளையும் சேர்ந்தவை. சில ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைகளில் வளர்கின்றன. நீண்ட குளிர்காலம், குறுகிய கோடை, குளிர்ந்த இரவு, ஈரம் தேங்காத மண். செடியின் உடம்பு முழுவதும் இந்தச் சூழலுக்காகவே அமைந்தது.

முதலில் பூவைப் பிரித்துப் பார்ப்போம். நாம் இதழ் என்று நினைத்து ரசிக்கும் ஐந்து நீல இதழ்களும் உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். மற்றப் பூக்களில் பச்சையாக மொட்டை மூடிக் காக்கும் அதே உறுப்பு, இங்கே நிறம் பூசிக்கொண்டு பூவாகவே மாறியிருக்கிறது. மேலே இருக்கும் புல்லி இதழ்தான் பின்னால் வாலாக நீள்கிறது. அந்த வாலை நகத்தால் நீளவாட்டில் கீறிப் பிரித்தால் உள்ளே இன்னும் இரண்டு மெல்லிய குழல்கள் ஒளிந்திருக்கும். அவை மேல் அல்லி இதழ்கள் இரண்டின் வால்கள். அவற்றின் நுனியில்தான் தேன் இருக்கிறது. பூவின் நடுவில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ கொசகொசவென்று தெரியும் சிறிய பகுதிதான் உண்மையான அல்லி இதழ்கள். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அதைத் 'தேனீ' என்றே அழைப்பார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பூவுக்குள் ஒரு தேனீ தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலவே தோன்றும்.

இவ்வளவு ஆழத்தில் தேனை வைத்தால் எல்லாப் பூச்சிக்கும் எட்டாது. நீண்ட நாக்கு வேண்டும். பம்பிள் தேனீ எனப்படும், மயிர் அடர்ந்த பருத்த தேனீக்கு அது உண்டு. குளிரிலும் தன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பறக்கக்கூடியது என்பதால் மலைநாட்டில் இதுதான் டெல்ஃபினியத்தின் முக்கிய விருந்தாளி. வட அமெரிக்காவில் ஹம்மிங்பறவையும் வரும்.

இப்போது முழுப் பூந்தண்டையும் பாருங்கள். பூக்கள் கீழிருந்து மேல்நோக்கித்தான் விரிகின்றன. ஒவ்வொரு பூவும் முதலில் ஆணாக இருக்கும். மகரந்தப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து வெடித்து மகரந்தத்தைக் கொட்டும். அவை வாடிய பிறகுதான் சூல்முடி தயாராகும், பூ பெண்ணாகும். ஆக, எந்த நேரத்தில் பார்த்தாலும் கீழ்ப்பூக்கள் பெண்நிலையிலும் மேல்பூக்கள் ஆண்நிலையிலும் இருக்கும். இதில் தேனும் ஒரு கணக்கோடு இருக்கிறது. கீழே உள்ள மூத்த பூக்களில் தேன் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பம்பிள் தேனீ அடிப்பூவில் இறங்கிப் படிப்படியாக மேலே ஏறும். வேறொரு செடியிலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைக் கீழே உள்ள பெண்பூக்களில் இறக்கிவிட்டு, மேலே உள்ள ஆண்பூக்களில் புதிய மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, தேன் குறைந்ததும் அடுத்த செடியின் அடிப்பூவுக்குப் பறந்துவிடும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க ஒரு செடி செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு காலைப்பொழுது செடியின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளின் ஆய்வு நிலையம் ஒன்றில், நிக்கோலஸ் வேசர், மேரி பிரைஸ் என்ற சூழலியல் ஆய்வாளர்கள் டெல்ஃபினியம் நெல்சோனி என்ற காட்டு இனத்தை வைத்து 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். வெவ்வேறு தூரத்தில் உள்ள செடிகளிலிருந்து மகரந்தத்தை எடுத்துக் கையால் பூக்களில் வைத்தார்கள். சுமார் 10 மீட்டர் தள்ளி இருந்த செடியின் மகரந்தம் அதிக விதை தந்தது. 1 மீட்டர் தூரத்துச் செடி நெருங்கிய உறவு, 100 மீட்டர் தூரத்துச் செடி வேறு மண்ணுக்குப் பழகியது என்பது அவர்கள் தந்த விளக்கம். இரண்டிலும் விதை குறைந்தது.

இப்படி மகரந்தம் வேறு செடியிலிருந்து வருவதால் வீட்டுத் தோட்டத்தில் என்ன விளைவு? நீங்கள் ஆசையாக வளர்த்த கலப்பினச் செடியின் விதையைச் சேர்த்து விதைத்தால், தாயைப் போலவே பிள்ளை வராது. நிறமும் உயரமும் மாறும். அதே செடிதான் வேண்டும் என்றால் வெட்டுத்தண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

சரி, விதை. என் முதல் விதைப்பில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பழைய விதை, வெயில்படும் ஜன்னல், கதகதப்பான தட்டு: செய்யக்கூடாத மூன்றையும் செய்திருந்தேன். டெல்ஃபினியத்தின் விதை உதிரும்போது அதற்குள் இருக்கும் கரு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. முளை வெளியே வருவதற்கு முன் கரு விதைக்குள்ளேயே கொஞ்சம் வளர வேண்டும். அதனால்தான் முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகின்றன. வெப்பம் கூடினால் முளைப்பு நின்றுபோகும். மலையில் கோடையின் கடைசியில் விழும் விதை அந்தச் சூட்டிலேயே முளைத்தால், வேர் இறங்குவதற்குள் காய்ந்துவிடும். குளிர்ச்சி வரும்வரை காத்திருந்த விதைகள்தான் பிழைத்துச் சந்ததி விட்டுச் சென்றன. நம் கையில் இருப்பது அந்தச் சந்ததி. ஆகவே புதிய விதையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண அறைச் சூட்டில் கிடந்தால் அது சீக்கிரம் உயிரிழந்துவிடும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். விதைத்தபின் மெல்லிய மண்ணால் மூடி, 12 முதல் 18 டிகிரி செல்சியஸ் உள்ள நிழலான இடத்தில் தட்டை வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

வளர்ந்த செடிக்கும் இதே குளிர்ச்சிதான் தேவை. பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையை இரவில் செடி தன் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடிவிடும். நல்ல வெயில், போதிய தண்ணீர், நிறைய உரம் எல்லாம் கொடுத்தும் வெப்பமான இடத்தில் செடி இளைத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குளிர்காலமே இல்லாத இடத்தில் டெல்ஃபினியம் எலேட்டம் என்ற இனத்திலிருந்து வந்த உயரமான வகைகளைப் பல ஆண்டுச் செடியாக வைத்திருக்க முயல்வது வீண் என்பது என் கருத்து. அங்கே டெல்ஃபினியம் கிராண்டிஃப்ளோரம் என்ற குட்டை இனத்தையோ, அதன் நெருங்கிய உறவான, ஒரே பருவத்தில் பூத்து முடியும் லார்க்ஸ்பரையோ குளிர்ந்த மாதங்களில் பூக்கும்படி விதைத்துக்கொள்வது நல்லது.

எலேட்டம் வகைகள் ஆளுயரத்தையும் தாண்டும். அந்த உயரத்தைத் தாங்கும் தண்டு உள்ளே வெற்றுக்குழல். பப்பாளி இலைக்காம்பை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே அளவு பொருளை வைத்துத் திடமான குச்சி செய்வதைவிடக் குழல் செய்தால் வளைவை அதிகம் எதிர்க்கும். ஏனென்றால் வளையும்போது இழுபடுவதும் நசுங்குவதும் ஓரங்கள்தான், நடுப்பகுதிக்கு வேலை குறைவு. எனவே செடி நடுப்பகுதியை விட்டுவிட்டு அந்தச் செலவை உயரத்தில் போடுகிறது. இதில் ஒரு பலவீனமும் உண்டு. குழல் ஓர் அளவுக்குமேல் வளைந்தால் சுவர் உட்குழிந்து, சட்டென்று மடிந்துவிடும். அதோடு மழை பெய்தால் நெருக்கமான பூக்கள் அனைத்தும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தலையைக் கனமாக்கிவிடும். காட்டு இனங்களில் பூக்கள் சிறியவை, இடைவெளி அதிகம். இந்தத் தலைக்கனம் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. ஆகவே முட்டுக்கொடுப்பதும் நம் பொறுப்புதான். தண்டு முழங்கால் உயரம் வரும்போதே மூங்கில் குச்சியை ஊன்றி, ஒரு சாணுக்கு ஒரு கட்டாக, தண்டு சற்று அசைய இடம்விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்திலேயே ஒடியும்.

வெட்டுத்தண்டு எடுப்பதிலும் இந்தக் குழல் குறுக்கே வரும். வசந்தத்தில் தளிர் நான்கு விரல் உயரம் வரும்போது, மண்ணைச் சற்று விலக்கி, வேரும் தண்டும் சேரும் கழுத்தை ஒட்டிக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் துளை இல்லாமல் வெண்மையாக, திடமாக இருந்தால் அது பர்லைட் என்ற எடை குறைந்த வெண்துகள்களிலோ பெருமணலிலோ வேர்விடும். துளை தெரிந்தால் அநேகமாக அழுகிவிடும். வளர்ந்த செடியில் எப்படியும் ஐந்தாறு தளிர்களை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கத்தான் வேண்டும், அப்போதுதான் கொத்துக்குள் காற்றோட்டம் இருக்கும். நீக்குவதையே நட்டுக்கொள்ளலாம். சாம்பல் நோய்க்கும் இந்தக் காற்றோட்டம்தான் முதல் தடுப்பு. வேர் காய்ந்து, இலைகளைச் சுற்றிக் காற்று அசையாமல் நின்றால் அந்த நோய் வரும். வேருக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், மக்கிய உரத்தை மூடாக்காகப் போடுங்கள், ஆனால் கழுத்தின்மேல் குவிக்காதீர்கள்.

நீலத்துக்கு வருகிறேன். பூக்களின் உலகில் உண்மையான நீலம் அரிது. பூக்களின் சிவப்பு, ஊதா, நீலம் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பத்திலிருந்து வருபவை. அந்த மூலக்கூறின் ஒரு வளையத்தில் எத்தனை ஹைட்ராக்சில் குழுக்கள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டுகள்) ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் நகரும். ஒன்று என்றால் ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு என்றால் அடர்சிவப்பு, மூன்று என்றால் நீலத்தின் பக்கம். மூன்று உள்ளதற்கு டெல்ஃபினிடின் என்று பெயர். 1915இல் ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரின் ஆய்வகத்தில் லார்க்ஸ்பர் பூவிலிருந்து பிரிக்கப்பட்டதால் இந்தச் செடியின் பெயரே அதற்கு வந்தது. சங்குப்பூவின் நீலத்துக்கும் அடிப்படை இதே டெல்ஃபினிடின்தான்.

ஆனால் டெல்ஃபினிடின் மட்டும் தனியாக இருந்தால் இந்த நீலம் வராது. செல்லுக்குள் இருக்கும் லேசான அமிலச் சாற்றில் அது ஊதாவாகவோ வெளிறியோ போய்விடும். டெல்ஃபினியம் என்ன செய்கிறது என்றால், அந்த மூலக்கூறின்மேல் சர்க்கரைகளையும் ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலத் துண்டுகளையும் சங்கிலிபோல் கோத்துவிடுகிறது. அவை நிறமியின்மேல் மடிந்து படுத்துக்கொண்டு, தண்ணீர் வந்து தாக்காமல் மூடி, நிறத்தையும் நீலத்தை நோக்கித் தள்ளுகின்றன. ரோஜாவுக்கு டெல்ஃபினிடின் தயாரிக்கும் நொதியே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி பூவின் மரபணுவை ரோஜாவில் புகுத்தி, 2009இல் நீல ரோஜா என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறமி உண்டானது, ஆனாலும் பூ இளம் ஊதாவாகத்தான் இருந்தது. டெல்ஃபினியத்தின் நீலத்துக்கு நொதி ஒன்று மட்டும் போதாது என்பதை அந்த ரோஜா நன்றாகவே காட்டிவிட்டது.

கையைக் கழுவச் சொன்னதற்குக் காரணம், இந்தச் செடி முழுவதும் நஞ்சு. மெத்தில்லைகாகோனிட்டின் போன்ற ஆல்கலாய்டுகள் இதில் உண்டு. நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து உட்காரும் இடத்தை, அதாவது ஏற்பியை, அவை அடைத்துக்கொள்ளும். தசை தளரும், அளவு கூடினால் மூச்சே நின்றுவிடும். அமெரிக்காவின் மேற்கு மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியத்தை மேய்ந்து மாடுகள் இறப்பது நீண்டகாலப் பிரச்சினை. செம்மறியாடுகள் மாடுகளைவிடப் பலமடங்கு தாங்கும். இளந்தளிரிலும் விதையிலும் நஞ்சு அதிகம். தோட்டத்தில் வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதே மெத்தில்லைகாகோனிட்டினை மூளை ஆய்வாளர்கள் குறிப்பிட்ட ஒரு வகை ஏற்பியை மட்டும் அடைத்துப் பார்க்கும் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு நஞ்சு இருந்தும் ஓடில்லா நத்தைகள் அந்த இளந்தளிரைத்தான் தேடி வந்து தின்னும். குளிர்காலம் முடிந்து மண்ணிலிருந்து முனை எட்டிப் பார்க்கும் நாட்களில் இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பூக்களைப் பறித்து வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு ஒன்று. பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு பட்டால் டெல்ஃபினியம் வாடாமலேயே இதழ்களை உதிர்த்துவிடும். பூச்சாடியைப் பழத்தட்டின் அருகே வைக்க வேண்டாம்.

பூத்து முடிந்த தண்டை வெட்டும்போதுதான் நான் ஒரு நல்ல செடியை இழந்தேன். தரையை ஒட்டி வெட்டினேன், அன்று இரவே மழை. நிமிர்ந்து நின்ற ஒவ்வொரு குழலிலும் தண்ணீர் நிறைந்து கழுத்துவரை இறங்கி, சில வாரங்களில் கழுத்து கறுத்து, விரலால் அழுத்தினால் குழைந்தது. இப்போது பூ முடிந்ததும் பூப்பகுதியை மட்டும் இலைகளுக்கு மேலே வெட்டுகிறேன். மீதித் தண்டும் இலையும் வேருக்குச் சர்க்கரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து புதிய தளிர் கையளவு வந்தபிறகு, மழையில்லாத நாளாகப் பார்த்துப் பழைய தண்டை எடுத்துவிடுகிறேன். கோடை கடுமையாக இல்லாவிட்டால் அந்தத் தளிர்களே மறுபடி பூக்கும். முதல் தடவையைவிடக் குட்டையாக, பூக்கள் குறைவாக. பம்பிள் தேனீ அதிலும் அடிப்பூவில்தான் வந்து இறங்கும்.