வெளிநாட்டு சப்ளையர் கூட தகராறா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இதப் படிங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல புடவை, விளக்கு, பூஜை சாமான்னு இறக்குமதி பண்ற நம்ம சின்ன கடைக்காரங்க பல பேர் ஒரே இடத்துல போய் மாட்டிக்கிறாங்க, பாத்து பாத்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். பணத்த முழுசா கட்டியாச்சு, பெட்டியப் பிரிச்சா பாதி சரக்கு டேமேஜ், உடனே வக்கீலப் பிடிச்சு இங்கயே கேஸ் போட்டுடறாங்க. எதிர்பார்ட்டி இன்வாய்ஸ் பின்பக்கத்துல இருக்குற பொடி எழுத்தக் காட்டுவான், எந்தத் தகராறும் லண்டன்ல ஆர்பிட்ரேஷன்லதான் (கோர்ட்டுக்குப் போகாம ஆர்பிட்ரேட்டர்ங்கிற நடுவர் தீர்ப்பு சொல்றது) தீரணும்னு இருக்கும். கேஸ் அங்கயே நின்னுடும், கட்டின ஃபீஸும் போச்சு.

சட்டம் என்னன்னா 2017ல வந்த இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஆக்ட். 1965 ஆர்பிட்ரேஷன் சட்டம் உள்ளூர் தகராறுக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

"நான் கையெழுத்தே போடலையே"ன்னு நம்பி உக்காராதீங்க. ஈமெயில்ல ஒத்துக்கிட்டாலே எழுத்து ஒப்பந்தம்தான், அந்த மெயில்ல வேற ஒரு கண்டிஷன் பேப்பர சேத்துக்கிட்டதா இருந்தா அதுல இருக்குற ஆர்பிட்ரேஷன் வரியும் உங்களக் கட்டும்.

இதவிட மோசமானது ஆர்பிட்ரேஷன் ஆரம்பிக்கிறோம்னு வர்ற நோட்டீஸ். கடைய கிரே ஸ்ட்ரீட்லேர்ந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாத்திருப்பீங்க, சப்ளையர்கிட்ட சொல்லிருக்க மாட்டீங்க. விசாரிச்சும் புது அட்ரஸ் கெடைக்கலன்னா கடைசியா தெரிஞ்ச அட்ரஸுக்கு ரெஜிஸ்டர் தபால் அனுப்பினாலே நோட்டீஸ் கெடைச்சதா கணக்கு. நீங்க வரலன்னு விசாரணை நிக்காது, நீங்க இல்லாமலே தீர்ப்பு வரும், அத இங்க ஹை கோர்ட்ல அமல்படுத்த கேப்பாங்க. கணக்கு தப்புன்னு அப்ப கத்தி பிரயோஜனம் இல்ல, அப்பீலே கிடையாது. இங்க நடந்த ஆர்பிட்ரேஷன்னா தீர்ப்ப ரத்து பண்ணக் கேக்க 3 மாசம்தான், அதுவும் நோட்டீஸ் சரியா வரல மாதிரி ரொம்ப கொஞ்ச காரணங்களுக்குத்தான். அதனால நோட்டீஸ் வந்தா உடனே பதில் போடுங்க. இந்த ஆர்பிட்ரேட்டருக்கு அதிகாரமே இல்லன்னு சொல்றதா இருந்தா உங்க முதல் பதில் மனுவுலயே சொல்லிடுங்க, அதுக்கப்புறம் சொன்னா, லேட்டானதுக்கு நியாயமான காரணம் இல்லன்னா எடுக்க மாட்டாங்க.

நீங்க பணம் கேக்குற பக்கம்னா காலக்கெடுவ கவனிங்க. இங்க சட்டப்படி சாதாரண கடனுக்கு 3 வருஷத்துக்குள்ள கேட்டாகணும், "அடுத்த கன்டெய்னர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் அண்ணே"ன்னு அவன் பேச்சுலயே வருஷத்த ஓட்டிடுவான், நம்பாதீங்க.

ஜெயிச்சாலும் அலைச்சல் தீராது. அமல்படுத்த ஒரிஜினல் தீர்ப்பு இல்லன்னா சர்டிஃபைட் காப்பி வேணும், கூடவே ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமும் வேணும். சாதா ஜெராக்ஸ் செல்லாது. ஒப்பந்தத்த தமிழ்ல எழுதி வாங்கிருந்தா பிரமாண மொழிபெயர்ப்பு (ஸ்வோர்ன் டிரான்ஸ்லேட்டர் பண்ணது) கட்டாயம், தமிழ் இங்க ஆட்சி மொழி இல்ல. சொந்தக்காரப் பையன் மொழிபெயர்த்தது போதாது. ஒரு பேப்பர் குறைஞ்சாலும் கோர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க, என்ன குறையுதுன்னு முதல் தடவையே முழுசா சொல்லித் தொலைக்கவும் மாட்டாங்க, லிஸ்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.

அடுத்த ஆர்டருக்கு முன்னாடி சப்ளையர்கிட்ட மூணு விஷயம் எழுத்துல கேளுங்க: ஆர்பிட்ரேஷன் இடம் டர்பன், ஆர்பிட்ரேட்டர் ஒருத்தர் போதும், விசாரணை ஆன்லைன்ல. சின்னத் தொகைக்கு மூணு ஆர்பிட்ரேட்டர் ஃபீஸ் கட்டினா வர்ற பணம் அதுக்கே சரியாப் போயிடும்.