அத்தையின் கழுத்தில் ஒரு சுற்றுவழி

குன்னூரில் ஒரு ஸ்கேன் சென்டர். மார்கழிக் குளிரில் ஜெல்லைக் கழுத்தில் தடவியதும் அத்தை தோளைக் குறுக்கிக்கொண்டார். தைராய்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அதைக் காட்டத்தான் கோத்தகிரியிலிருந்து கூட்டி வந்திருந்தேன். கட்டியை அளந்து முடித்த பிறகும் டாக்டர் கருவியை எடுக்கவில்லை. வலது காரை எலும்புக்கு மேலே வைத்துச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார்.

"இந்த இடத்துல ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியணும்மா. உங்களுக்குப் பிரியல. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஆபரேஷன் பண்றவர்கிட்ட இதைக் கட்டாயம் சொல்லணும்" என்றார். பிறகு கோவையில் எடுத்த சி.டி. ஸ்கேனும் அதையே காட்டியது. கொழுந்துக் கூடையின் பட்டையைத் தலையில் மாட்டி எத்தனையோ வருஷம் சுமந்த கழுத்து. அதற்குள் இப்படி ஒன்று இருப்பது அத்தைக்கே தெரியாது.

பாடப்புத்தகப் படம் இப்படி இருக்கும்: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, மார்புக்குள் கைத்தடியின் பிடி போல வளைகிறது. அந்த வளைவில் மூன்று கிளைகள். முதல் கிளை குட்டையாகத் தடித்திருக்கும். மேலே போனதும் அது வலப்பக்கக் கழுத்துக்கான கரோட்டிட் தமனியாகவும், வலக்கைக்கான சப்கிளேவியன் தமனியாகவும் பிரிந்துவிடும். இடப்பக்கத்தில் இவை இரண்டும் தனித்தனியாகவே கிளம்புகின்றன. குரல்வளையை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும், இரண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். துடிப்பது கரோட்டிட். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திவிடக் கூடாது; மயக்கம் வரும்.

இந்தப் படம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், எல்லாருக்கும் அல்ல. சிலருக்கு இடது கரோட்டிட், முதல் கிளையோடு ஒட்டியே கிளம்பும். 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் இடது முதுகெலும்புத் தமனி நேரடியாகப் பெருந்தமனியிலிருந்தே வரும். சிலருக்கு மூச்சுக்குழாய்க்கு முன்னால் தைராய்டுக்கு ஒரு தமனி கூடுதலாக ஏறும். அவசரத்துக்குத் தொண்டையில் துளையிடும் டாக்டருக்கு அந்தச் சின்னக் குழாய் பெரிய ஆபத்து.

இதெல்லாம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? கருவின் நான்காவது வாரத்துக்குப் போக வேண்டும். அப்போது தொண்டைப் பகுதியில், மீனின் செவுள்களுக்குப் போவது போல, வளைவுத் தமனிகள் ஜோடி ஜோடியாக உருவாகின்றன. சில வாரங்களுக்குள் சில மறைகின்றன, சில நிலைக்கின்றன. மூன்றாவது ஜோடி கரோட்டிட் ஆகிறது. நான்காவதில் இடப்பக்கத்து வளைவு பெருந்தமனியின் வளைவில் சேர்கிறது. வலப்பக்கத்து வளைவு, வலக்கைத் தமனியின் தொடக்கம் ஆகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வர எங்களுக்கு இரண்டு வழி உண்டு. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பஸ்ஸெல்லாம் கோத்தகிரி வழியாக ஏறும். அத்தை கருவாக இருந்தபோது அப்படி ஒன்று நடந்திருக்கிறது. வலது நான்காம் வளைவு மறைந்துபோக, வழக்கமாக மறைய வேண்டிய பின்பக்கக் குழாய் மறையாமல் நின்று, கைக்கு ரத்தம் கொண்டுபோனது. அதனால் அத்தையின் வலக்கைத் தமனி, பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கம் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே கடந்து வலப்பக்கம் வருகிறது. 100 பேரில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவாகவோ இப்படி அமைகிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு மட்டும் அந்தக் குழாய் உணவுக்குழாயை அழுத்தி, சோறு இறங்காமல் செய்யும். பல காலம் விழுங்க முடியாமல் தவித்து இறந்த ஒரு பெண்ணின் உடலை ஆராய்ந்து இந்தக் காரணத்தைக் கண்டவர், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த டேவிட் பேஃபோர்டு.

சரி, விழுங்குவதில் சிக்கலே இல்லாத அத்தைக்கு இது ஏன் முக்கியம்? குரல் நரம்புக்காக. குரல்வளையை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராக அங்கே போவதில்லை. கருவில் இதயம் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும்போது, வளைவுத் தமனிகளும் கூடவே இறங்கி இந்த நரம்பைக் கீழே இழுத்துவிடுகின்றன. அதனால்தான் அது கீழே போய், வலப்பக்கத்தில் வலக்கைத் தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்பி வருகிறது. வலது நான்காம் வளைவே இல்லையென்றால் நரம்பைக் கீழே இழுக்க ஆளில்லை. அது கழுத்திலேயே பக்கவாட்டில் நேராகக் குரல்வளைக்குள் நுழைந்துவிடும்.

தைராய்டு அறுவை செய்பவர் நரம்பைக் கீழிருந்து வருவதாகத் தேடுவார். பக்கவாட்டில் குறுக்கே போகும் வெள்ளைக் கயிறைச் சின்ன ரத்தக்குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் குரல் கரகரத்துப்போகும். குன்னூர் டாக்டர் கூடுதலாகச் செலவிட்ட அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆபரேஷன் செய்தவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தேட வேண்டும் என்று எனக்குப் படம் போட்டே காட்டினார். நரம்பு அங்கேதான் இருந்ததாம். மறுநாள் காலையில் போன் வந்தது. தொண்டை வலியோடு, ஆனால் தெளிவாக, அத்தை கேட்டார்: "அங்க மழை விட்டுடுச்சா? கொழுந்து எடுக்கப் போனாங்களா?"