குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்: பயன்படுத்திய வேகக் காரும் வடசென்னையின் வெப்பமும்

கடந்த மே மாதத்தில் ஒரு நாள் காலை, விற்பனைக்கு வந்திருந்த ஒரு காரைப் பார்ப்பதற்காக நண்பருடன் பெரம்பூருக்குச் சென்றிருந்தேன். அது நான்கு கதவுகளும் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் கொண்ட, குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம், நெடுஞ்சாலையில் சீறிக்கொண்டும் போகலாம் என்ற வகையைச் சேர்ந்த செடான். உரிமையாளர் அதை அன்றுதான் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். எங்களுடன் வந்த மெக்கானிக் கொருக்குப்பேட்டையில் நெடுங்காலமாகத் தொழில் செய்பவர். அவர் பெயின்ட்டையும் பார்க்கவில்லை, ஓடோமீட்டரையும் பார்க்கவில்லை. நேராகச் சென்று பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்தார். அது சுட்டது. "சார், நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோம். அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

எஞ்சின் இரவு முழுவதும் ஓய்ந்திருக்கும்போது, அதன் மேற்பகுதியிலும் கால்வாய்களிலும் இருந்த ஆயில் வடிந்து அடித்தொட்டிக்குச் சென்றுவிடுகிறது. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலியான டைமிங் செயினை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனர் பெரும்பாலான எஞ்சின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது என்பதால், அது தேய்ந்திருந்தாலோ செயின் நீண்டிருந்தாலோ, காலையில் முதன்முறை சாவியைத் திருப்பும் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மட்டும் சங்கிலி உலோகத்தில் அடிக்கும் ஓசை கேட்கும். அழுத்தம் ஏறியவுடன் அது மறைந்துவிடும். வால்வு சீல்களின் வழியே கசிந்த ஆயில் எரிவதால் எழும் நீலப்புகையும் அந்த முதல் நிமிடத்தில்தான் அதிகமாகத் தெரியும். சூடான எஞ்சினில் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. நோயாளியின் நாடியை அவர் மாத்திரை விழுங்கிய பிறகு பார்ப்பதைப் போன்றது அது.

பழைய வேகக் காரைப் பற்றிப் பேசும் பலரும் கிலோமீட்டர் கணக்கையே முதலில் கேட்கிறார்கள். அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, அதனுள் பிறந்த வெப்பம் எப்படிக் கையாளப்பட்டது என்பதே அதன் இன்றைய நிலையைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இதற்கான காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. 2017இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 தருவது 230 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 170 கிலோவாட். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறுகிறது என்று கொண்டால், முழுத்திறனில் ஓடும் அந்த எஞ்சின் அதே நேரத்தில் சுமார் 340 கிலோவாட் வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். வீட்டில் உள்ள 2 கிலோவாட் மின்னடுப்புகள் 170ஐ ஒரே நேரத்தில் எரியவிட்டால் எழும் வெப்பம் அது. சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோயில் அருகேயுள்ள ஆலையில் பூட்டப்பட்டு 2021இல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்340ஐ போன்ற 387 குதிரைத்திறன் கார்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகும். புகைபோக்கி, ரேடியேட்டர், ஆயில் ஆகிய மூன்றும் இந்த வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகின்றன. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை முதுமை அடைந்துவிடும்.

டர்போவை எடுத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு விசையாழி சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சுழலி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸைத் தொடும் வாயு, மறுமுனையில் சாதாரணக் காற்று, நடுவில் நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடிய ஓர் அச்சு. அந்த அச்சு தாங்கியின் உலோகத்தைத் தொடுவதில்லை. மிக மெல்லிய ஆயில் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து உடனே எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடுகிறது, ஆனால் விசையாழியின் வெப்பம் தாங்கிக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அங்கு தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. இந்தக் காரணத்தால்தான் இன்றைய கார்களில் பல, அணைத்த பிறகும் சில நிமிடங்கள் மின்விசிறியையும் சிறு மின்பம்பையும் ஓட்டிக் கூலண்டைச் சுழற்றுகின்றன. அணைத்த காரில் விசிறி ஓடுவதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. வீடு வந்து சேரும் கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினாலே டர்போவுக்குப் போதும். வடசென்னையில் அதற்கென்று தனியாக முயல வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எல்லோரும் கையால் உணர்ந்த உண்மை. 35 டிகிரி வெயிலில் காற்றின் அழுத்தத்தை டர்போ இரு மடங்காக்கினால் அதன் வெப்பநிலை 130 டிகிரியை ஒட்டி உயர்ந்துவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆக்சிஜனும் குறைவு. அதோடு, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே, எஞ்சியிருக்கும் கலவை தானாக வெடிக்கும் அபாயமும் கூடுகிறது. எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற இந்த வெடிப்பை மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். இதைத் தடுக்கவே முன்பக்கத்தில் இன்டர்கூலர் வைத்து அழுத்திய காற்றைக் குளிர்விக்கிறார்கள். கத்திரி வெயிலில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் அரை மணிநேரம் ஊர்ந்த பிறகு, இன்டர்கூலர் காற்றோட்டமின்றித் தானே சூடேறி நிற்கும். அதன்பின் ஆக்சிலரேட்டரை மிதித்தால், நாக்கிங் உணரி எச்சரித்தவுடன் கணினி தீப்பொறியைப் பிந்தச் செய்து, திறனைக் குறைத்துக்கொள்கிறது. மதிய வெயிலில் கார் மந்தமாக இருப்பதாக நினைத்து மறுநாள் பட்டறைக்கு ஓடுபவர்கள், அதே காரை அதிகாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இங்குதான் பெட்ரோலும் வருகிறது. ஆக்டேன் எண் என்பது கலவை தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் தன்மையின் அளவு. அதற்கும் எரிபொருளின் ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இத்தகைய டர்போ வேகக் கார்களில் பல 95 அல்லது 98 கேட்பவை. எத்தனாலின் ஆக்டேன் எண் 100ஐத் தாண்டியது என்பதால், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்குவதில் பழைய 91 ஆக்டேன் பெட்ரோலைவிட மேலானது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு; ஆகவே 20 சதவீதக் கலவையில் லிட்டருக்கு 6 முதல் 7 சதவீத ஆற்றல் குறைகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். வேகக் கார்களில் பல, வாரக்கணக்கில் நின்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருபவை. கடற்காற்று வீசும் ஊரில் பாதி நிரம்பிய டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்துவது நல்லதல்ல. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார் என்றால், எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எவ்வளவு எத்தனால் அனுமதிக்கப்படுகிறது என்பதை வாங்கும் முன் படித்துவிடுங்கள். ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அந்த அளவை வைத்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

கியர்பாக்ஸ்தான் நம் பகுதியில் அதிகம் துன்பப்படும் உறுப்பு என்று கருதுகிறேன். இத்தகைய செடான்களில் பரவலாக உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்றும் உண்டு. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் காத்திருப்பதால், கியர் மாறுவது கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆட்டோமேட்டிக்கில், கார் ஊரும்போது எஞ்சினின் விசையை வழுக்கியபடி கடத்தும் வேலையைத் திரவம் செய்கிறது. இங்கோ கார் ஊரும்போதெல்லாம் கிளட்ச் தகடுகள் பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் உராய்கின்றன. திருவொற்றியூரிலோ மணலிச் சாலையிலோ லாரியின் பின்னால் அடி அடியாக நகர்வது, கிளட்ச்சுக்கு மலையேற்றத்துக்கு ஒப்பான உழைப்பு. ஆற்றல் மிகுந்த கார்களில் இந்தத் தகடுகள் ஆயிலில் மூழ்கியிருப்பதால் வெப்பத்தை ஆயில் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்ளும் ஆயில் கெட்டும் போகிறது. ஆர்எஸ் 230இல் உள்ள ஆறு கியர் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட வேண்டும். அதற்கான ரசீது இருக்கிறதா என்பதை, சன்ரூஃப் திறக்கிறதா என்பதற்கு முன்பாகக் கேளுங்கள். ஓட்டும்போது முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை நின்று, பிறகு முழுதாக நகர்ந்து மீண்டும் நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

பிரேக்கிலும் கதை வெப்பம்தான். 1,600 கிலோ எடையோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் ஒருமுறை நிற்கும்போது ஆறு இலட்சம் ஜூலுக்கு மேல் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுமார் 3.7 சதவீத நீர் சேர்ந்துவிட்டால், தரவிதிப்படி அதற்கு உறுதி செய்யப்பட்ட கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்த ஆயிலில் குமிழிகள் உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போகும். காசிமேட்டுக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உப்பும் வெள்ளமும் நம் பகுதிக்கே உரிய சோதனைகள். கடற்காற்றிலுள்ள குளோரைடு இரும்பின் துருவை விரைவுபடுத்துவதோடு, அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அரிப்பைத் தூண்டுகிறது; ஆகவே காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வெள்ளம் இன்னும் கொடியது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற கார்கள் எத்தனை என்பதை நாம் கண்ணால் கண்டோம். எண்ணூர்ப் பகுதியில் அந்த நீரோடு எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. நீர் அமுங்காது என்பதே எஞ்சினுக்கு அதனால் வரும் ஆபத்து. 500 மில்லிலிட்டர் கொள்ளளவும் பத்துக்கு ஒன்று அமுக்க விகிதமும் கொண்ட சிலிண்டரில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 55 மில்லிலிட்டர்தான். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பாதியளவு நீர் உள்ளே போனாலே பிஸ்டன் மேலேற முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சற்றே வளைந்த ராடோடு எஞ்சின் பல மாதங்கள் ஓடவும் கூடும் என்பதுதான் வாங்குபவருக்கு ஆபத்து. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருக்கும்போது, தாழ்வாக அமைந்த காற்று உறிஞ்சி கொண்ட காரை அதில் இறக்கவே இறக்காதீர்கள். வாங்கும்போது சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அடிமுனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்கு அடியிலுள்ள வயர் இணைப்புகளில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தையும் அளந்து ஒப்பிட்டால் வளைந்த ராடு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயரும் வெவ்வேறு ஆண்டு என்றால் காரணம் கேளுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35 ஆகியவற்றைச் சரிபார்ப்பது எல்லாக் காருக்கும் பொதுவானது.

காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போடும்போது ஒரு நுட்பம் உண்டு. பிழைக் குறியீடுகளை விற்பவர் அழித்திருந்தால் திரை சுத்தமாகத் தெரியும். ஆனால் அழித்தவுடன், வினையூக்கி, ஆக்சிஜன் உணரி போன்றவற்றைத் தானே சோதித்துக்கொள்ளும் கணினியின் தற்சோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மீண்டும் நிறைவேறச் சில நாள் ஓட்டம் தேவை. பிழை எதுவும் இல்லை, ஆனால் தற்சோதனைகளும் முடியவில்லை என்று காட்டும் கார், அண்மையில் துடைக்கப்பட்டதாகவோ பேட்டரி கழற்றப்பட்டதாகவோ இருக்கும்.

பெரம்பூர்க் காருக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்றோம். பானெட் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியவுடன் மூன்று விநாடி, தகரப் பெட்டியில் சில்லறை குலுக்கும் ஓசை. ஸ்கேனரில் பிழை ஏதுமில்லை, தற்சோதனைகளும் முடிந்திருக்கவில்லை. நண்பர் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து மாதவரத்தில் அதே வகைக் கார் ஒன்றை வாங்கினார். 25,000 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது, பம்பரில் கீறல்கள், ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீது உட்பட எல்லாத் தாளும் ஒரு கோப்பில் இருந்தன. வாங்கும் விலையில் ஆறில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியே ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அதில் பெரும்பகுதியைத் தண்ணீர்ப் பம்பும் நான்கு டயர்களும் கொண்டுபோயின.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் அவர் மீஞ்சூரில் தொடங்கி வண்டலூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலையில் காரை எடுத்துச் செல்கிறார். சட்டம் அனுமதிக்கும் வேகமே இதற்குப் போதும். வாரம் முழுவதும் தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடையே ஓடிய குறுந்தூர ஓட்டத்தில் ஆயில் முழுமையாகச் சூடாவதில்லை. எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டான நீரும் அதில் கலந்து அதன் உயவுத் தன்மையைக் குறைத்துவிடுகின்றன. நாற்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால் ஆயில் 90, 100 டிகிரியை எட்டி அங்கேயே நிற்கும். நீரும் பெட்ரோலின் பெரும்பகுதியும் ஆவியாகி, காற்று உறிஞ்சும் வழியே எஞ்சினுக்குள் சென்று, பெட்ரோல் எரிந்தும் நீர் ஆவியாகவும் வெளியேறிவிடும். திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் விசிறி இரண்டு நிமிடம் ஓடுகிறது. அது நிற்கும்வரை அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.