மயோஸ்டேட்டின்: தமிழில் என்ன?

மகளுக்கு அடுத்த வாரம் தாய்மொழி வாய்மொழித் தேர்வு. சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் பார்த்த ஒரு விப்பெட் நாயை, ஓட்டப் பந்தயத்துக்குப் பேர்போன ஒல்லியான இனத்தைப் பற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தவள், “அப்பா, மயோஸ்டேட்டினுக்குத் தமிழ் என்ன?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

முதலில் பொருள். தசை அளவுக்கு மீறி வளராமல் பிடித்துவைக்கும் புரதம் இது. 1997இல் எலிகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. இதை உண்டாக்கும் மரபணு நாய், ஓநாய், நரி என்று அந்தக் குடும்பம் முழுவதிலும் உண்டு. நமக்கும் உண்டு. சில விப்பெட்டுகளுக்கு மட்டும் அந்த மரபணுவின் டிஎன்ஏ வரிசையில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். இரண்டு எழுத்து போனால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தப்பாக வாசிக்கப்படும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளைக் கோத்த சங்கிலி. 375 அமினோ அமிலங்கள் கொண்டதாக உருவாக வேண்டிய புரதம், கடைசி 63 இல்லாமலே நின்றுபோகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தப் பிறழ்வு வந்த குட்டி, பயில்வான்போலத் தோளும் தொடையும் புடைத்து நிற்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பந்தயத்தில் நல்ல வேகம். வேகத்தைப் பார்த்தே இணைசேர்த்தவர்கள், தெரியாமலே பிறழ்வையும் வளர்த்துவிட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மயோ’வின் வேர் கிரேக்க மொழியில் ‘மூஸ்’. அதற்குத் தசை என்றும் பொருள், சுண்டெலி என்றும் பொருள். லத்தீனில் தசையைக் குறிக்கும் ‘முஸ்குலுஸ்’ நேராகவே ‘குட்டி எலி’தான். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் இருந்ததாம். மகள் சிரித்தாள். “நாம மட்டும் என்ன? காலில் கெண்டை மீனைப் பார்த்து கெண்டைக்கால்னு சொன்னவங்கதானே” என்றேன். உடனே காலை நீட்டி, சதையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

‘ஸ்டேட்டின்’, நிறுத்துதல் என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. பலதுறை மருந்தகத்தில் தாத்தாவின் கொழுப்புக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை வேறு. பெயரில் மட்டும்தான் உறவு.

அப்புறம் தமிழ். ‘தசையடக்கி’ என்றால் தசையைத் தளர்த்தும் மருந்து என்று நினைத்துவிடுவார்கள். ‘தசை வளர்ச்சித் தடுப்பி’ பொருந்தும், ஆனால் வளரவே விடாது என்று தோன்றுகிறது. வயலுக்கு வரப்புபோல இது எல்லைதான் கட்டுகிறது. ‘தசைவரம்பி’ எனக்குப் பிடித்திருக்கிறது. அகராதியில் தேட வேண்டாம், நேற்றிரவு சோபாவில் பிறந்த சொல்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்த மகள், “டீச்சர்கிட்ட மயோஸ்டேட்டின்னே சொல்லிடறேன்பா” என்றாள்.