சார்கோபீனியா: தமிழில் எப்படிச் சொல்வது?

வயது ஏற ஏறத் தசையும் அதன் வலுவும் குறைந்துபோவதை மருத்துவர்கள் சார்கோபீனியா என்கிறார்கள். கேட்டால் பழங்காலச் சொல் போலத் தோன்றும். ஆனால் 1980களின் இறுதியில் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் ஊன், 'பீனியா' என்றால் வறுமை. பெயர் வைத்தால்தான் இதை யாராவது பொருட்படுத்துவார்கள் என்பது அவர் எண்ணம். அப்படியும் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைக்க 2016 ஆகிவிட்டது.

சரி, தமிழில்? 'தசைச் சிதைவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது மரபணுக் கோளாறால் இளவயதிலேயே வரக்கூடிய வேறொரு நோய்க்கு வழங்கும் பெயர், இங்கே பொருந்தாது. மாவுக்கட்டுப் போட்ட கால் சூம்பிப்போவது 'தசைத் தேய்வு'. அதற்கு மூப்பு தேவையில்லை. 'தசைமெலிவு' அழகான சொல்தான். ஆனால் ஒல்லியானவருக்குத்தான் இது வரும் என்று நினைக்க வைத்துவிடும். தசை குறைந்த இடத்தில் கொழுப்பு ஏறி, எடை மாறாமலே இருப்பவர்கள் நிறைய. அதனால் என் தேர்வு 'மூப்புத் தசைக்குறைவு'. 'பீனியா'வுக்குக் 'குறைவு' நேராகவே பொருந்துகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. இன்று மருத்துவர்கள் தசையின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, வலுவையும் பார்க்கிறார்கள். ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறைப்படி, ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளக்கும் கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் வலுக்குறைவு. நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் சந்தேகப்பட வேண்டும்.

நம் வீடுகளில் 'பிரஷர்' என்றும் 'இரத்தக் கொதிப்பு' என்றும் சொல்லும் உயர் இரத்த அழுத்தம் பல முதியவர்களுக்கு இதோடு சேர்ந்தே இருக்கும். இரத்தச் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்து கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அழுத்தம் ஏறவும் அது ஒரு காரணம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்து நிற்கும்போது சில சமயம் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். காலில் வலு இருந்தால் சமாளித்துக்கொள்வார், இல்லையென்றால் விழுவார். அதனால் இத்தகையவர்களுக்கு உட்கார வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.